உப்பு மழை, அரிசி மழை, லொறி மழை

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கரண்ட் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் மழையும் கரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை. ஒன்று உள்ளே வந்தால் மற்றது கோபித்துக்கொண்டு கிளம்பிவிடும். வட்டவளையில் மழை பெய்கிறது என்று சொல்வதே வீண் பேச்சுதான். பெய்யாத நாளைத்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் செய்தியாகச் சொல்லிக்கொள்வோம்.

பதினோரு மணிக்குள் போனில் இருந்த சார்ஜும் தீர்ந்தது. என் மகள் யாழினிக்கு ஒன்பது வயது, மகன் கவினுக்கு ஆறு. இரண்டு பேரும் அணைந்த போனைச் சுற்றி உட்கார்ந்து, செத்துப்போன கோழிக்குஞ்சைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவர்கள் என்னை அப்படி முழுசாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இனி என்ன செய்வது என்று மகள் கேட்டாள். நான் ஹட்டனில் ஒரு பெயின்ட் கடையில் வேலை செய்கிறவன். எந்தக் கலரோடு எந்தக் கலரைச் சேர்த்தால் என்ன கலர் வரும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். இதற்குப் பதில் தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கவின் பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, பஸ் கண்டக்டர் மாதிரி "ஹட்டன், ஹட்டன், ஹட்டன்" என்று கத்தத் தொடங்கினான்.

என் வாய் தானாகத் திறந்தது.

"டேய், மெதுவா. சத்தம் போடாத."

யாழினி அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவளுடைய அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பேர் மட்டும்.

"ஏம்ப்பா? யாரு தூங்குறா?"

நல்ல கேள்வி. யாரும் தூங்கவில்லை. ஆனால் மழை நாளில், வீட்டுக்குள், ஒரு பிள்ளை குரலை உயர்த்தினால், "மெதுவா" என்று சொல்வதற்கு என் நாக்கு முப்பத்தைந்து வருடமாகத் தயாராக நிற்கிறது. அது ஏன் என்று பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதை வாசிக்கிற நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும் சரி, பேரன் பேத்தி எடுத்தவராக இருந்தாலும் சரி, பக்கத்தில் வந்து உட்காருங்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கதை அங்கே இங்கே போகும். திரும்பியும் வரும்.

எனக்கு அப்போது பத்து வயது. தங்கச்சி செல்விக்கு ஏழு, தம்பி ராஜுவுக்கு நாலு. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின வீடுகள்தான் லயம். எங்கள் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை. பின்னால் சமைக்க ஒரு குசினி. அவ்வளவுதான் வீடு. அந்தக் காம்பராவில் பாதியைப் பலகைக் கட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டிலில், கறுப்புக் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போட்டுக்கொண்டு, பகல் முழுக்க எங்கள் அப்பா தூங்குவார்.

அப்பா சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஸ்டோரில் ராவேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்தை அரைத்த பிறகு சூடு காட்டிக் காய வைக்கிற மெசின் ஒன்று இருக்கும். அதன் அடுப்புக்கு விறகு போடுவது அப்பாவின் வேலை. சூடு கூடினால் தூள் கருகும், குறைந்தால் ஈரம் நிற்கும். அதனால் விடிய விடிய நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் அவர் வீட்டுக்குள் வரும்போது சட்டையில் விறகுப் புகையும் புதுத் தேயிலைத் தூளும் கலந்து ஒரு வாசம் வரும். இப்போதும் எங்கேயாவது புதுத் தூள் பக்கெட்டைப் பிரித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தேத்தண்ணி இல்லை, அப்பாவின் சட்டைதான்.

அதற்கு முன்பு அப்பாவும் மலையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவில்தான் வேலை செய்தார். ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டப் போய், சறுக்கி விழுந்து, முழங்கால் போய்விட்டது. எலும்பு கூடியது, ஆனால் ஏற்றத்தில் கால் ஊன்றினால் முகம் சுருங்கும். ஸ்டோர் வேலை கிடைத்ததால்தான் பிழைத்தோம் என்று அம்மா அடிக்கடி சொல்வார். நெருப்புப் பக்கத்தில் நின்றால் முழங்காலுக்கும் இதமாக இருந்தது.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. எங்களால்.

அந்த வருட மழையில் தோட்டத்துக்கு வரும் பாதை சரிந்து, ஆசிரியர்கள் வராமல், பள்ளிக்கூடம் நாள் கணக்கில் பூட்டிக் கிடந்தது. மூன்று பிள்ளைகளும் காம்பராவுக்குள். வெளியே விட்டால் லயத்துக்குப் பக்கத்து ஓடையில் ராஜுவைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். உள்ளே விட்டால் அப்பாவின் தூக்கம் போகும். பகலில் தூக்கம் இல்லாமல் போய், ஒரு நாள் விடியற்காலையில் அப்பா நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். சூடு இறங்கி, ஒரு தடவை போட்ட தூள் முழுக்க வீணாகப் போனது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சத்தம் போடவில்லையாம். இன்னொரு தரம் இப்படி நடந்தால் மலைக்கே திரும்பிப் போக வேண்டியதுதான் என்று மட்டும் சொன்னாராம். சத்தம் போடாமல் சொன்னதுதான் அப்பாவைப் பயமுறுத்தியது.

மறுநாள் காலையில் அம்மா மலைக்குக் கிளம்பும்போது, நனையாமல் இருக்க இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டே என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"பெரியவனே, இங்க பாரு. அந்திச் சங்கு ஊதுற வரைக்கும் அப்பா எந்திரிக்கக்கூடாது. அப்பாவ மலைக்கு அனுப்புனா அந்தக் கால வச்சிக்கிட்டு என்னா செய்வாரு? அதுக ரெண்டையும் நீதான் பாத்துக்கணும்."

அந்திச் சங்கு என்றால் ஸ்டோரின் சங்கு. காலையில் ஒரு தரம், மாலை ஐந்தரைக்கு ஒரு தரம் ஊதும். எங்கள் வீட்டிலும் ஒரு கடிகாரம் இருந்தது. அது பத்தேகாலுக்கு நின்று இரண்டு வருடமாகியிருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் அழகுக்காகத் தொங்கியது. எங்கள் சத்தத்தை விட்டால் அப்பாவை எழுப்புவது அந்தச் சங்கு மட்டும்தான். இடி இடித்தால்கூட எழும்ப மாட்டார், சங்கு ஊதினால் கம்பளியோடு எழும்பி நிற்பார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாபகம் வைக்கத் தவறியதால்தான் இந்தக் கதை.

ஒரு ஏழு வயதையும் ஒரு நாலு வயதையும் பத்து அடிக் காம்பராவுக்குள், தூங்குகிற மனுசனுக்குப் பக்கத்தில், சத்தமில்லாமல் பகல் முழுக்க விளையாட வைக்க வேண்டும். பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் இதற்குப் புத்தகம் போட்டிருப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது கூரைத் தகரம்.

தகரக் கூரைக்குக் கீழே குடியிருந்தவர்களுக்குத் தெரியும், மழை ஒரே மழை இல்லை. தூறல் விழும்போது யாரோ மேலே நின்று உப்புத் தூவுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அது உப்பு மழை. கொஞ்சம் பலத்தால் சுளகில் அரிசி கொட்டுகிற மாதிரி. அது அரிசி மழை. காற்றோடு அடித்துக் கொட்டும்போது, பாதை போட வந்த லொறி சல்லிக்கல்லைத் தலைக்குமேல் கொட்டுகிற மாதிரி. அது லொறி மழை. பெயர் எல்லாம் செல்வி வைத்தது. அவளுக்கு எதற்கும் பெயர் வைக்காவிட்டால் சாப்பாடு இறங்காது.

எங்கள் சட்டம் சுலபமானது. மழை எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தம் நாங்களும் போடலாம். மழையை மீறக் கூடாது.

உப்பு மழைக்கு ஊமை விளையாட்டு. எங்கள் கூரையில் மூன்று ஒழுக்கு இருந்தது, ஆளுக்கொன்று. என் ஒழுக்குக்குக் கீழே ஒரு அலுமினியச் சட்டி, செல்வியுடையதற்கு ஒரு பால்மா டின், ராஜுவுக்குப் பிளாஸ்டிக் கோப்பை. யாருடையது முதலில் நிரம்புகிறது என்று பந்தயம். அலுமினியச் சட்டி "டங் டங்" என்று காட்டிக்கொடுக்கும் என்பதால் அடியில் பழைய துணியைப் போட்டு அதன் வாயை அடைத்தோம். துணி தண்ணீரைக் குடித்ததால் என் சட்டி எப்போதும் கடைசி. ராஜு கோப்பைக்குள் ரகசியமாகத் துப்பி நிரப்புவான். கண்டுபிடித்தாலும் உப்பு மழையில் சண்டை போட முடியாது. விரலை நீட்டி மிரட்டிவிட்டு, மனசுக்குள் குறித்து வைத்துக்கொள்வோம்.

தூரத்தில் றொசல்ல ஸ்டேசன் பக்கம் ரயில் சத்தம் கேட்டால் மூன்று பேரும் கையைத் தூக்குவோம். ரயில் மேலே ஏறுகிறது என்று நினைத்தால் கட்டைவிரல் மேலே, இறங்குகிறது என்றால் கீழே. ஏறுகிற ரயில் ஆஸ்துமாக்காரர் மாதிரி மூச்சு வாங்கும், அதனால் கண்டுபிடிப்பது லேசு. ராஜு மட்டும் இரண்டு கட்டைவிரலையும் ஒவ்வொரு பக்கம் வைத்துக்கொண்டு எல்லாத் தடவையும் ஜெயிப்பான்.

அரிசி மழை வந்தால் பேச்சு வரும். பெரட்டு விளையாட்டு அப்போதுதான். காலையில் வேலைக்காரர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் கூடி, பெயர் கொடுத்து, எந்த மலைக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்வதுதான் பெரட்டு. செல்விதான் எப்போதும் கங்காணி. வேறு யாரையும் அந்த வேலைக்கு விட மாட்டாள். அடுப்பூதும் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இரண்டு அடி இடத்தில் முன்னும் பின்னும் நடப்பாள். வேலைக்காரன் ராஜு ஒருத்தன்தான். அவன் பிந்தி வந்தால், "இன்னைக்கி ஒனக்கு அரப்பேருதான்" என்பாள். அரைப்பேர் என்றால் அரை நாள் வேலை செய்ததாகத்தான் பதிவார்கள் என்று அர்த்தம். ராஜு அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவான். அழ மாட்டான். அழுகை லொறி மழைக்கு உரியது என்று அவனுக்கும் தெரியும்.

லொறி மழை எங்களுக்குத் திருவிழா. காது கேட்காத சத்தம். சேர்த்து வைத்த சண்டை, அழுகை, பாட்டு எல்லாம் அப்போது வெளியே வரும். காலையில் கோப்பையில் துப்பியதற்கான அடி ராஜுவுக்கு மத்தியானம் லொறி மழையில் கிடைக்கும். எதற்கு அடி விழுந்தது என்றே அதற்குள் மறந்திருப்பான், பாவம். அப்பா பக்கத்தில் அசையாமல் தூங்குவார். ஒரு விசயம் வினோதமானது. மழை பெய்துகொண்டிருக்கும் வரை அவருக்கு நாங்கள் என்ன கத்தினாலும் கேட்காது. மழை சட்டென்று குறைந்து, நாங்கள் குறையாமல் இருந்தால்தான் ஆபத்து. அதனால் வாய் கத்தினாலும் காது எப்போதும் கூரையில் இருக்கும். தகரம் தணிந்தால் நாங்களும் தணிவோம், ஒரே கயிற்றில் கட்டினது மாதிரி.

இப்படிப் பத்துப் பதினைந்து நாள் ஓடியது. அப்பா நன்றாகத் தூங்கினார். அம்மா ஒரு நாள் என் தலையைத் தடவிவிட்டு எனக்கு மட்டும் அரை ரொட்டி கூடுதலாக வைத்தார். நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைக்க ஆரம்பித்தேன். சறுக்குகிற இடம் அதுதானே.

பெரட்டு விளையாட்டுக்குச் சங்கு இல்லை என்று ராஜுவுக்கு ஒரு குறை இருந்தது. உண்மையான பெரட்டுக்கு ஸ்டோர் சங்கு ஊதித்தான் ஆள் கூடும். நமக்கு ஏன் இல்லை என்று உப்பு மழையிலும் அரிசி மழையிலும் என் காதைத் தின்றான். குசினியில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற தகரப் புனல் ஒன்று இருந்தது. அதன் சின்ன வாயில் உதட்டை வைத்து, அடிவயிற்றிலிருந்து மெதுவாக ஆரம்பித்து, ஏற்றி, கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு இறக்கினால் ஸ்டோர் சங்கு மாதிரியே வரும் என்று நான் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஓடைக்கரையில் தனியாகப் பழகியும் இருந்தேன். வாயெல்லாம் மண்ணெண்ணெய் நாறும். ஆனாலும் அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு பெருமை.

அன்றைக்கு மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் லொறி மழை பிடித்தது. அந்த வருடத்திலேயே பெரிய மழை. நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை. கதவிடுக்கில் பார்த்தால் மூடுபனி இறங்கி, எதிர் லயம் தெரியவில்லை. ராஜு குசினிக்குள் ஓடிப் புனலைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான். செல்வி குழலோடு தயாராக நின்றாள். இவ்வளவு மழையில் என்ன கேட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன். புனலை வாயில் வைத்தேன்.

ஊதத் தொடங்கும்போது மழை இருந்தது. ஏற்றும்போதும் இருந்தது. உச்சியில் நிறுத்தினேன் பாருங்கள், அப்போது யாரோ மேலே குழாயைத் திருகின மாதிரி மழை நின்றது. எங்கள் ஊரில் மழை அப்படி நிற்காது. குறைந்து, யோசித்து, திரும்பக் கூடித்தான் நிற்கும். அன்றைக்கு மட்டும் ஒரேயடியாக நின்றது. அந்த அமைதியில் என் சங்கு மட்டும் தனியாக, சுத்தமாக, நீளமாக ஊதியது. நிறுத்த வேண்டும் என்று மூளை சொல்லி அது உதட்டுக்கு வந்து சேர்வதற்குள் நான் அழகாக இறக்கியும் முடித்துவிட்டேன்.

கம்பளி அசைந்தது.

அப்பா எழும்பி உட்கார்ந்தார். புனல் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. கதவைத் திறந்து வெளியே பார்த்தார். மூடுபனி, இருட்டு. எங்கள் ஊர் மழைக்காலத்தில் மத்தியானமும் அந்தியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. அவசரமாகச் சட்டையை மாட்டி, சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டார்.

"அம்மா இன்னும் வரலியா?"

இதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய இடம். அப்பா, இன்னும் பன்னிரண்டு மணிகூட ஆகவில்லை, ஊதினது நான்தான் என்று. வாயைத் திறந்தேன்.

"இன்னும் வரல" என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். அம்மா வரவில்லைதான். அப்படி ஒரு கெட்டிக்காரத்தனமான உண்மையைச் சொல்லி, நொண்டிக் காலோடு மனுசனை மூடுபனிக்குள் அனுப்பினேன். தேயிலைச் சாயத்தண்ணிகூடக் குடிக்காமல் அவர் குறுக்குப் பாதையில் இறங்கிப் போனார். ஸ்டோருக்கு நல்ல காலோடு நடந்தாலே இருபது நிமிடம்.

கதவு மூடியதும் ராஜு ரொம்பச் சந்தோசமாக, "அப்பா போயிட்டாரு, இனிமே கத்தலாம்" என்றான்.

செல்வி அவன் வாயைப் பொத்தினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கங்காணிப் பார்வை இல்லை, அம்மாவின் பார்வை. "ஏண்ணே சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். லயத்து முனை வரை ஓடியும் மூடுபனிக்குள் யாரும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து லொறி மழை திரும்பவும் வந்து என் குரலைச் சாப்பிட்டது. சின்னதுகள் இரண்டையும் விட்டுவிட்டு இன்னும் தூரம் போகப் பயந்து திரும்பி வந்தேன்.

பிறகு நாங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கட்டில் காலி. வெளியே லொறி மழை. எங்கள் சட்டப்படி தொண்டை கிழியக் கத்தலாம். மூன்று பேரும் கட்டில் ஓரத்தில் நெருக்கி உட்கார்ந்து, குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். அப்பா போய் ராத்திரி வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டால்? தூக்கம் பாதியில் போனதால் இன்றைக்கும் நெருப்புக்கு முன்னால் கண்ணயர்ந்தால்? டீமேக்கர் ஐயா மலைக்கு அனுப்பினால்? ராஜு தன் கோப்பைத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் என் சட்டியில் ஊற்றினான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அப்பா முழுக்க நனைந்திருந்தார். சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகி இன்னொரு ஒழுக்கு மாதிரிச் சொட்டியது. கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். ஸ்டோர் வாசலில் காவல்காரர், என்ன இந்நேரம் என்று கேட்டாராம். சங்கு ஊதிச்சே என்றாராம் அப்பா. எந்த ஊர் சங்கு என்றாராம் அவர். டீமேக்கர் ஐயா சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்பா இதை எங்களுக்குச் சொன்ன மாதிரி இல்லை, முழங்காலுக்குச் சொன்ன மாதிரி இருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"சங்க ஊதுனது யாரு?"

நான் புனலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஊதியதும் நான்தான், கேட்டபோது சொல்லாததும் நான்தான் என்று அழுதுகொண்டே சொன்னேன். அப்பா புனலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்ன வாயில் உதட்டை வைத்து ஊதினார். சினைமாடு முக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ராஜு பக்கென்று சிரித்துவிட்டான். அப்பா திரும்பவும் ஊதினார். அதைவிட மோசம்.

"இதுல எப்பிடிடா அந்தச் சத்தம் எடுத்த?" என்றார்.

செல்விக்குத் தைரியம் வந்துவிட்டது. குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்றாள். "பெரட்டு முடிஞ்சி ரொம்ப நேரமாச்சி. லேட்டு. அரப்பேருதான்."

"சரிங்க கங்காணி" என்று சொல்லி அப்பா படுத்துக்கொண்டார்.

ஆனால் தூங்கவில்லை. அரிசி மழை ஒரே சீராகப் பெய்தது, நாங்கள் மூச்சைக்கூட எண்ணி விட்டோம், ராஜுவை அவர் பக்கத்தில் படுக்க வைத்தோம். தூங்கினது ராஜுதான். அப்பா கம்பளிக்குள் கண்ணைத் திறந்து தகரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். உண்மையான சங்கு ஊதியபோது ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினார். மலையிலிருந்து வந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தது. எனக்கு இரண்டு குட்டு. அந்த அரை ரொட்டியும் இனி இல்லை. குட்டு வலிக்கவில்லை. மறுநாள் காலையில் அப்பா என்ன முகத்தோடு வருவார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாமி படத்திடம் வேண்டிக்கொண்டேன், பக்கத்தில் நின்றுபோன கடிகாரத்திடமும் வேண்டிக்கொண்டேன். யார் கேட்பார் என்று தெரியாதே.

விடிந்ததும் நான் வாசலில் நின்றேன். அப்பா குறுக்குப் பாதையில் நொண்டியபடி ஏறி வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. வாய் மட்டும் கோணியிருந்தது. கிட்ட வந்த பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"எங்க தூங்க விட்டானுக" என்றார் அம்மாவிடம் சட்டையைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே. விறகு சுமக்கிறவருக்கு அப்பா சங்குக் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் போய் கொழுந்து அரைக்கிற இடத்தில் சொல்ல, அங்கிருந்து ஒவ்வொருவராக அடுப்பு முன்னால் வந்து, எங்கே இன்னொரு தரம் சொல்லு என்று உட்கார்ந்திருக்கிறார்கள். டீமேக்கர் ஐயா இரண்டு தரம் வந்தாராம். முதல் தரம் இந்த ஆள் தூங்குகிறானா என்று பார்க்க. இரண்டாம் தரம் கதை கேட்க. அன்றைக்குப் போட்ட தூள் நல்ல நிறத்தில் வந்ததாம். அப்பா மலைக்குப் போகவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த நெருப்புப் பக்கத்திலேயே இருந்தார். ஸ்டோரில் அவருக்கு 'ரெண்டு சங்கு' என்று பட்டம் நிலைத்துவிட்டது. எங்களுக்கு அவர் ஒரு சட்டம்தான் கூடுதலாகப் போட்டார்: கத்துகிறது என்றால் கத்துங்கள், சங்கு மட்டும் வேண்டாம். புனல் குசினிக் கூரைக் கம்பில், என் கை எட்டாத உயரத்தில் தொங்கியது. என் கை எட்டுகிற உயரத்துக்கு நான் வளர்ந்தபோது வீட்டில் மண்ணெண்ணெய் தேவைப்படவில்லை.

கதை முடிந்ததும் கவின் கேட்டான், அந்தச் சங்கு இப்போது எங்கே என்று.

இல்லை. அந்த ஸ்டோரே ஓடவில்லை. மெசின்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கொழுந்து இப்போது லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. ஜன்னல் கண்ணாடி உடைந்த கட்டடம் மட்டும் நிற்கிறது. லயத்துத் தகரத்தைக் கழற்றி வேறு சீட் போட்டுவிட்டார்கள். நாங்களும் ஏழு பேர்ச் அளவுக் காணியில் தனி வீடு கட்டி வந்துவிட்டோம். கூரைக்குக் கீழே சீலிங் அடித்தபோது ரொம்பப் பெருமைப்பட்டேன். ஒழுக்கு இல்லை, நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே பெய்வது உப்பு மழையா லொறி மழையா என்று இந்த வீட்டுக்குள் இருந்து சொல்ல முடியாது. எல்லாம் ஒரே 'ம்'. செல்வி பூண்டுலோயாவில் வாழ்கிறாள், அவள் வீட்டிலும் சீலிங்தானாம். ராஜு கொழும்பில், மேலே நாலு மாடி வைத்த கட்டடத்தில் கீழ் அறையில் இருக்கிறான். அவனுக்கு மழை பெய்வதே போனில் பார்த்தால்தான் தெரியும். அப்பா இந்தப் புது வீட்டில் இரண்டு வருடம் இருந்தார். இங்கே பகலில் தூக்கமே வரவில்லை, ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். அவர் போய் மூன்று மழைக்காலம் ஆகிறது.

பிள்ளைகள் விடவில்லை. ஊதிக் காட்டச் சொன்னார்கள். கடையிலிருந்து கொண்டுவந்த பெயின்ட் ஊற்றுகிற பிளாஸ்டிக் புனல் ஒன்று இருந்தது. நாற்பத்தைந்து வயதில் மூச்சு அவ்வளவு நீளம் போகாது என்று முன்கூட்டியே சாக்குச் சொல்லிவிட்டு வாயில் வைத்தேன். மெதுவாக ஆரம்பித்து, ஏற்றி, நிறுத்தி, இறக்கினேன். வந்துவிட்டது. அதே சங்கு, கொஞ்சம் இருமலோடு. யாழினி கையைத் தட்டினாள். கவின் கதிரைமேல் ஏறி நின்று, தன் முறை என்று முழுத் தொண்டையில் கத்தினான். நான் மெதுவா என்று சொல்லவில்லை.

ஆனால் ஊதி முடித்த கையோடு, என்னையறியாமல், மூலையில் இருந்த கட்டிலைப் பார்த்தேன். அதே பலகைக் கட்டில்தான். அதன்மேல் இரண்டு பள்ளிக்கூடப் பைகளும், இன்னும் காயாத ஒரு குடையும் கிடந்தன. எதுவும் அசையவில்லை.